வாளி வழங்கும் விழா

எங்கள் பக்கத்தில் ஒரு விழா எப்போது தொடங்கும் என்று தெரிந்துகொள்ள யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. நிருபர் வந்துவிட்டாரா என்று வாசலைப் பார்ப்பார்கள். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் பத்தாங் பெர்ஜுந்தாய், புக்கிட் ரோத்தான், அவற்றைச் சுற்றியிருக்கும் செம்பனைத் தோட்டங்கள், இத்தனைக்கும் சேர்த்து ஒரு தமிழ் நாளிதழின் பகுதி நேர நிருபர் நான்தான். முழு நேரத்துக்கு ஸ்கூல் பஸ் ஓட்டுகிறேன். காலையில் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிட்டு, மதியம் திரும்ப ஏற்றும் வரைக்கும் நடுவில் கிடைக்கும் நேரத்தில்தான் இந்த வட்டாரத்தின் பத்திரிகைத் துறை இயங்குகிறது.

என் செய்திகளில் செய்தி என்று ஒன்று பெரும்பாலும் இருக்காது. படம் இருக்கும். கோயிலுக்கு ஒருவர் நாற்காலி கொடுத்தால் அந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பத்துப் பேர் நிற்பார்கள். பள்ளிக்கூடத்துக்கு மின்விசிறி கொடுத்தால் அதன் ஒவ்வோர் இறக்கைக்கும் இரண்டு பேர். கொடுத்தவர் கை ஒன்று, வாங்கியவர் கை ஒன்று, நடுவில் யாரென்றே தெரியாத மூன்று பேர் ஆளுக்கு இரண்டு விரல் வைத்திருப்பார்கள். பொருளைத் தொட்டவர் எல்லாம் கொடுத்தவர் என்பது எங்கள் சட்டம். தொட முடியாமல் போனவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விடுவார், அடுத்த விழாவுக்கு வரமாட்டார். ஒருமுறை ஓர் ஊன்றுகோலை இப்படி எல்லாரும் சேர்ந்து பிடித்துக்கொண்டதில், அதை வாங்க வந்த பெரியவர் பிடிக்க இடமில்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் படத்திலும் அவர் சிரித்தபடிதான் இருக்கிறார்.

சிரிப்பு அடுத்த சட்டம். கேமராவைக் கண்டால் எங்கள் ஆட்களுக்குப் பல் தானாகத் தெரியும். வீடு எரிந்துபோன ஒரு குடும்பத்துக்கு அரிசி மூட்டை கொடுத்த அன்று, வீட்டுக்காரர் கரிந்துபோன கட்டைகளுக்கு முன்னால் நின்று வாய் நிறையச் சிரித்தார். “சிரிங்கண்ணே” என்று சொன்னது நான்தான். பழக்கதோஷம். கல்யாணத்துக்குச் சொல்வதையேதான் எல்லாவற்றுக்கும் சொல்லி வந்தேன்.

படத்துக்குக் கீழே பெயர்கள். இடமிருந்து வலமாக, ஒருவரையும் விடாமல், பட்டம் பதவியோடு. பெயர் வந்தவர் எல்லாம் மறுநாள் பத்திரிகை வாங்குவார்கள், அவர்களுடைய மாமன் மச்சானும் வாங்குவார்கள். இதையெல்லாம் கேவலம் என்று நினைக்கிற ஆள் நான் இல்லை. பெரிய பத்திரிகைகள் எங்கள் தோட்டங்களை எட்டிப் பார்ப்பது வெள்ளம் வந்தால் மட்டும். என் படத்தில் வந்த முக்கால்வாசிப் பேர் வேறு எந்தப் படத்திலும் வந்ததில்லை, அடையாள அட்டையைத் தவிர.

இப்படி நாங்கள் நிம்மதியாக இருந்த காலத்தில்தான் மாநில அரசு உள்ளூர்ச் செய்தித்துறைக்குக் கைகொடுக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. நிருபர்களின் வாட்சாப் குழுவில் இதைப் பற்றிக் கேட்கப்பட்ட முதல் கேள்வி, விளக்கக் கூட்டத்தில் சாப்பாடு உண்டா என்பது. உண்டு என்று பதில் வந்ததும் எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள்.

கூட்டம் கோலா குபு பாருவில். பேச வந்தவர் ஒரு மலாய்க்காரப் பெண் அதிகாரி, என் மகள் வயது இருக்கும். மலாயில், நிதானமாக, ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துப் பேசினார். மாவட்டத்துக்கென்று வாராவாரம் தனிப்பக்கம் போடும் பத்திரிகைகளுக்கு மாநிலம் உதவும். எங்களைப் போன்ற பகுதி நேர ஆட்களுக்குப் பயிற்சி உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை நல்ல பக்கங்களுக்குப் பாராட்டு உண்டு. பதிலுக்கு அந்தப் பக்கத்தில் வாரம் ஒரு மக்கள் பிரச்சினையாவது வர வேண்டும். “எங்களைக் குறை சொல்லியும் எழுதலாம்” என்றார் அந்த அம்மணி. மண்டபமே சிரித்தது. ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியாமல், திரையில் ஏதும் தப்பாக வந்துவிட்டதோ என்று அவர் திரும்பிப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. வாயில் கறிபாப் பலகாரம் இருந்தது.

பிறகு பயிற்சி. யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்று ஆறு கேள்விகளை எழுதிக் காட்டினார்கள். யார் என்பதில் எங்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, ஒரு படத்துக்கு முப்பது யார் எழுதுவோம். எங்கே, எப்போது எல்லாம் அழைப்பிதழிலேயே இருக்கும். ஏன் என்பதுதான் இடித்தது. ஏன் நாற்காலி கொடுக்கிறீர்கள் என்று ஒருவரைக் கேட்டால் அடுத்த வருடம் அவர் கொடுக்கமாட்டார்.

கொள்கையில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. எழுதினவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருந்தார்கள். எங்களைப் பற்றித் தெரியாமல் எழுதிவிட்டார்கள், அவ்வளவுதான்.

இரண்டு வாரம் கழித்துக் கோலாலம்பூரிலிருந்து துணையாசிரியர் கூப்பிட்டார். பக்கம் கட்டுகிறவர் அவர்தான். நான் அனுப்புவதில் எது அச்சேறும், எது குப்பைக்குப் போகும் என்பது அவர் கையில்.

“சார், ஒரு பிரச்சின அனுப்புங்க.”

“என்னா சைஸ்ல?”

“ரெண்டு பத்தி அகலம். படத்தோட. புதன்கெழமைக்குள்ள வேணும்லா.”

பிரச்சினையைத் தேடி நான் அலையவேண்டிய அவசியம் இருக்கவில்லை. அது காலைகளில் என் பஸ்ஸுக்குக் கையைக் காட்டி நிறுத்தி, இடியாப்பப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தது.

புக்கிட் ரோத்தான் போகும் சாலையில், ஒரு தோட்டத்து முச்சந்தியில், கூடாரம் போட்டு இடியாப்பம் விற்கும் அக்கா. சொந்தக்காரர் இல்லை. ஆனால் என் காலைப் பசியாறலை இத்தனை வருடமாகப் பார்த்துக்கொள்கிற ஒருத்தியை வேறு எப்படிக் கூப்பிடுவது? அவர் வீட்டுக்காரர் செம்பனைக் குலை வெட்டும்போது சறுக்கி விழுந்து முதுகு போய் வீட்டில் இருக்கிறார். அந்தக் கூடாரம்தான் வீட்டின் மொத்த வருமானம். குடியிருப்பு, முச்சந்திக்கு உள்ளே இருக்கும் பழைய லயத்தில், தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில். தோட்டத்தைப் பழைய நிர்வாகம் விற்றுவிட்டது. வாங்கிய கம்பெனியின் வரைபடத்தில் லயம் என்று ஒன்று இல்லை. லயத்திலோ இன்னும் ஒரு வரிசை வீடுகளில் ஆட்கள் இருந்தார்கள்.

அந்த வரிசைக்குத்தான் தண்ணீர் நின்றுபோயிருந்தது. மண்ணுக்குள் இருந்த பழைய பைப்பு பல இடங்களில் உடைந்துவிட்டது. வெளியே இருக்கும் பெரிய மீட்டர் வரைக்கும்தான் எங்கள் வேலை, உள்ளே தோட்டத்துப் பைப்பு என்றது தண்ணீர் கொடுக்கும் தரப்பு. நாங்கள்தான் விற்றுவிட்டோமே என்றது பழைய நிர்வாகம். நாங்கள் நிலத்தை வாங்கினோம், பைப்பை வாங்கவில்லை என்றது புதுக் கம்பெனி. மூவர் சொன்னதும் சட்டப்படி சரியாக இருந்திருக்கலாம். குழாயைத் திறந்தால் விடியற்காலையில் கொஞ்ச நேரம் காற்று வந்தது.

இடியாப்பத்துக்கு மாவு பிசையத் தண்ணீர் வேண்டும், அவிக்க வேண்டும், தட்டும் அச்சும் கழுவ அதைவிட அதிகம் வேண்டும். அக்கா மோட்டார் சைக்கிளில் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் தோம்புகளைக் கட்டிக்கொண்டு டவுனில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவருவார். தினமும் திறந்த கடை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆகியிருந்தது. லோரிக்காரர்கள் வேறு கடை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

“தம்பி, பேப்பர்ல போட்டா தண்ணி வருமா?” என்று கேட்டார்.

“போட்டுப் பாப்போம்க்கா.”

“வரலனா கடைய மூடிருவேன். தோளு ரெண்டும் போச்சி. இந்த வயசுக்கு மேல எவ வூட்ல போயி நா பாத்திரம் கழுவ?”

சனிக்கிழமை வருகிறேன், எல்லாரும் காலி வாளியோடு குழாய்க்கு முன்னால் நில்லுங்கள், அது போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் செய்த ஏற்பாடு அவ்வளவுதான். மீதி ஏற்பாடுகள் தோட்டத்துக் கோயில் தலைவருடையவை.

சனிக்கிழமை போய்ப் பஸ்ஸை நிறுத்தினால் லயத்துக்கு முன்னால் வாடகைக் கூடாரம் போட்டிருக்கிறது. நாற்காலிகள். ஒலிபெருக்கி. பெண்கள் எல்லாம் பட்டுச் சேலையில், தலையில் பூவோடு. அக்காகூடத் தீபாவளிக்கு எடுத்த பச்சைச் சேலையில் இருந்தார். தலைவர் வெள்ளை வேட்டியும் ஜிப்பாவுமாக வந்து, ஐயோ வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல, என் கழுத்தில் ஒரு மாலையைப் போட்டார். பிறகு தன் கழுத்திலும் ஒன்றைப் போடச் சொன்னார்.

“வாளி எங்க?” என்றேன்.

பளபளவென்று ஒரு புதுச் சிவப்பு வாளியை அவர் எடுத்துக் காட்டினார். “நானே வாங்கியாந்தேன். பேப்பர்ல வரப்போவுது, ஓட்ட வாளியவா காட்டுறது? தோட்டத்து மானம் என்னா ஆவுறது?”

எல்லாரும் வரிசையில் நின்றார்கள். யாரும் சொல்லாமலே கைகள் வாளிக்குப் போயின. தலைவர் கை பிடியில், அக்கா கை எதிர்ப்பக்கம், மற்றவர்கள் விளிம்பைச் சுற்றி. நான் பயிற்சியில் படித்தவன் அல்லவா, பொறுப்பாக, “இது துக்கமான செய்தி, யாரும் சிரிக்காதீங்க” என்றேன். இந்த ஒரு வாக்கியத்தைக் கேமராவுக்கு முன்னால் சொல்லவே கூடாது. முதலில் ஒரு கிழவர் குலுங்கினார். பிறகு வரிசை முழுக்கப் பற்றிக்கொண்டது. அக்கா கூடச் சேலைத் தலைப்பால் வாயை மூடப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். அதற்கப்புறமும் நிறைய எடுத்தேன். சிரிக்காத படங்களில் எல்லாம் யாராவது கண்ணை மூடியிருந்தார்கள், மூடிய கண்ணை அனுப்புவது எங்கள் தொழிலில் மன்னிக்க முடியாத குற்றம். ஆகவே சிரித்ததையே அனுப்பினேன். கூடவே பைப்பு யாருடையது என்று மூன்று தரப்பையும் கேட்டு, என் வாழ்க்கையில் முதல்முறையாக ஏன் என்று எழுதிய ஒரு செய்தியையும் அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை பக்கம் வந்தது. தலைப்பு: தோட்ட மக்களுக்கு வாளி அன்பளிப்பு. படத்துக்குக் கீழே: கோயில் தலைவர் வாளியை வழங்க, பொதுமக்கள் மகிழ்ச்சியுடன் பெற்றுக்கொள்கின்றனர். நான் எழுதியதில் பெயர்ப்பட்டியல் மட்டும் மிஞ்சியிருந்தது.

பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டுத் துணையாசிரியரைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவர் கொஞ்சமும் பதறவில்லை.

“சார், நா படத்தப் பாத்தேன். மால போட்ட ஒருத்தரு வாளி குடுக்குறாரு. எல்லாரும் சிரிக்கிறாங்க. நீங்க தண்ணி இல்லன்னு எழுதியிருக்கீங்க. படமும் செய்தியும் ஒத்து வரல. படத்த மாத்த முடியாதுல்ல? செய்திய மாத்திட்டேன்.”

போனை வைத்துவிட்டுப் பஸ்ஸைக் கிளப்பினேன்.

தலைவருக்கு மட்டும் தலைகால் புரியவில்லை. ஒரு கட்டுப் பத்திரிகை வாங்கி ஊர் முழுக்கக் கொடுத்தார். பக்கத்தைச் சட்டம் போட்டுக் கோயில் அலுவலக அறையில் மாட்டினார். அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்கள் இருந்தார்கள். பிரச்சினை அங்கேதான் பெரிதானது.

மறுவாரமே ஒரு கட்சிக் கிளைக்காரர்கள் அதே லயத்துக்கு நீல வாளிகளோடு வந்தார்கள். அடுத்து எதிர்க்கட்சிக் கிளைக்காரர்கள், கொஞ்சம் பெரிய பச்சை வாளிகளோடு. ஓர் இளைஞர் மன்றம் மூடி போட்ட வாளி கொடுத்தது. மூடி அவர்களுடைய புதுமை என்று மேடையில் பேசினார்கள். எந்த வாளியாக இருந்தாலும் வெளியே கொடுத்தவரின் முகம் ஸ்டிக்கராக ஒட்டியிருந்தது, காறித் துப்பினால்கூட அழியாத தரமான ஸ்டிக்கர். எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். போய்ப் படம் எடுத்தேன், போகாமல் இருந்தால் வேறு நிருபரை அழைப்பார்கள். துணையாசிரியருக்கு ஒரே மகிழ்ச்சி. ஒவ்வொரு வாளியையும் வாரம் ஒரு மக்கள் பிரச்சினை என்ற கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

லயத்தில் வீட்டுக்கு வீடு வாளி கோபுரம். ஒரு வாளியில் கறிவேப்பிலைச் செடி வளர்ந்தது. ஒன்றில் கோழி முட்டையிட்டது. பையன்கள் கவிழ்த்துப்போட்டு மேளம் அடித்தார்கள். அக்கா ஒன்றில் மாவையும் இன்னொன்றில் தேங்காயையும் வைத்துக்கொண்டார். மாநிலத்திலேயே அதிகமான வாளி உள்ள குடியிருப்பாக அது இருந்திருக்கும். ஊற்றத்தான் தண்ணீர் இல்லை.

ஒருநாள் காலையில் பஸ்ஸை நிறுத்திக் கையை நீட்டினேன். அக்கா பொட்டலத்தைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“தம்பி, அந்தப் படத்துல நா சிரிச்சிருக்கேன்ல?”

“ஆமாக்கா. நல்லாத்தான் வந்திருக்கு.”

“அதுக்குத் திருத்தம் போடு.”

பெயர் தப்பாக வந்தால் திருத்தம் போடுவார்கள், கருமக்கிரியை தேதி மாறிப்போனால் போடுவார்கள், சிரிப்புக்கெல்லாம் போடமாட்டார்கள் என்று விளக்கினேன்.

“ஏன் போட மாட்டாங்க?” என்றார். “நேத்து புதுக் கம்பெனி ஆபீசுக்குப் போனேன். அங்க இருக்கற பொண்ணு, நீங்கதான அந்த வாளி ஆண்ட்டின்னு கேக்குது. ஒங்க எடத்துக்குத்தான் எல்லாரும் ஒதவி செய்றாங்களே, இன்னும் என்னாங்குது. நா அழுவுறேன், அது சிரிக்கிது. பேப்பர்ல பல்லக் காட்டுனவ நேர்ல வந்து அழுதா எவன் நம்புவான், சொல்லு.”

பஸ்ஸுக்குள் பிள்ளைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முகத்தில் அடித்தது மாதிரி இருந்தது. அன்று முழுக்கக் கோபம். துணையாசிரியர் மேல், தலைவர் மேல், வாளி செய்யும் தொழிற்சாலை மேல், ஆறு கேள்வி சொல்லிக்கொடுத்த பயிற்சியாளர் மேல், யாரையும் விட்டுவைக்கவில்லை. மதியம் துணையாசிரியரிடம் திருத்தம் கேட்டேன்.

“சார், ஒரு வாளிக்குத் திருத்தம் போட்டா எல்லா வாளிக்கும் போடணும். அவ்ளோ பேரையும் பகச்சிக்க முடியுமா?”

அடுத்த வாரம் அக்கா கூடாரத்தை மடித்துவிட்டார். முச்சந்தியில் கையைக் காட்ட ஆள் இல்லை. நான் பழக்கத்தில் அங்கே வேகத்தைக் குறைத்து, பிறகு ஓட்டிக்கொண்டு போனேன். டவுனில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போகப் பேசிக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் மாநிலத்தின் பாராட்டு விழா வந்தது. கோலா சிலாங்கூரில் ஒரு மண்டபம், மதிய விருந்தோடு. சமூக ஒற்றுமைப் பிரிவில் எங்கள் பக்கத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். எந்தப் படத்துக்காக என்று நான் சொல்லவேண்டுமா? நடுவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஓர் ஊரே சேர்ந்து ஒரு வாளியைத் தாங்கிப் பிடித்திருக்கும் காட்சி அவர்களுக்கு நெஞ்சைத் தொட்டிருக்கிறது. படத்தில் இருக்கும் ஒருவரையும் அழைத்து வாருங்கள் என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். தலைவர் புது ஜிப்பா தைத்துவிட்டார். நான் அக்காவிடம் போனேன்.

“மேடையில ஏத்துவாங்களா?” என்று மட்டும் கேட்டார்.

“ஏத்துவாங்கக்கா.”

“அப்ப வர்றேன்.”

ஸ்கூல் பஸ்ஸிலேயே கூட்டிப்போனேன். அவ்வளவு பெரிய பஸ்ஸில் அவர் ஒருத்தி, முன் இருக்கையில், அதே பச்சைச் சேலையில். மேடையில் என்ன பேசப்போகிறார், மைக்கைப் பிடுங்கி ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று நான் பயந்துகொண்டே ஓட்டினேன்.

மைக் பக்கமே அவர் போகவில்லை. மேடையில் கதவு அளவுக்கு ஒரு சான்றிதழ் அட்டை வந்தது. பாராட்டு வழங்க வந்த பிரமுகர், எங்கள் பத்திரிகையின் ஆசிரியர், அந்தப் பெண் அதிகாரி, நான், அக்கா, இன்னும் எங்கிருந்தோ முளைத்த சிலர், எல்லாரும் அட்டையைப் பிடித்துக்கொண்டோம். கீழே எல்லாப் பத்திரிகைகளின் கேமராக்களும் வரிசையாக நின்றன. “சிரிங்க, சிரிங்க” என்றார்கள். எல்லாரும் சிரித்தோம்.

அக்கா சிரிக்கவில்லை.

“அந்தப் பச்ச சேல அம்மா, கொஞ்சம் சிரிங்கம்மா.” சிரிக்கவில்லை. “ஆண்ட்டி, செஞ்யும், செஞ்யும்” என்று மலாயிலும் கெஞ்சினார்கள். இடியாப்பத்தை வாங்கித் தின்றுவிட்டு நழுவப் பார்க்கும் லோரிக்காரனைப் பார்க்கிற மாதிரி அவர் கேமராக்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் போயிற்று. பிரமுகரின் சிரிப்பு தேய ஆரம்பித்தது, மறுபடி அதைச் சரிசெய்துகொண்டார். எனக்குக் கன்னம் வலித்தது. இத்தனை வருடமாக மற்றவர்களை இப்படி நிற்க வைத்திருக்கிறேனே என்று அப்போதுதான் உறைத்தது. கடைசியில் அலுத்துப்போய் அப்படியே எடுத்தார்கள்.

மறுநாள் அந்தப் படம் வராத தமிழ்ப் பத்திரிகை இல்லை. அத்தனை பல்லுக்கு நடுவில் ஒரே ஒரு மூடிய வாய். பார்த்தவர்கள் எல்லாரும் அதையேதான் பார்த்தார்கள். காலையிலிருந்து போன் ஓயவில்லை. தலைவர் கூப்பிட்டு, “மானத்த வாங்கிட்டாளே, இதுக்குத்தான் என்னயக் கூட்டிப்போவச் சொன்னேன்” என்றார். வாசகர்கள் கூப்பிட்டார்கள். பிறகு ஆசிரியரே கூப்பிட்டார். என்னிடம் அவர் நேராகப் பேசியது அதுதான் முதல்முறை.

“அந்தம்மா ஏன் சிரிக்கல?”

நான் நிருபராக இருந்த இத்தனை காலத்தில் என் பக்கத்தைப் பார்த்து ஒருவர் ஏன் என்று கேட்டது அன்றைக்குத்தான். சற்று நேரத்தில் அந்தப் பெண் அதிகாரியும் மலாயில் ஒரு வரி அனுப்பியிருந்தார். அவருக்கும் அதே கேள்வி.

முன்பு வெட்டி எறிந்த செய்தியைத் தேடி எடுத்தேன். மேலே ஒரு வரி மட்டும் சேர்த்தேன்: அவர் வீட்டில் தண்ணீர் வரவில்லை. துணையாசிரியர், “படம் இல்லாமயா சார்?” என்றார். நேற்று போட்ட படம்தான் இதற்கும் படம் என்றேன். இந்த முறை அவர் ஒரு சொல்லையும் தொடவில்லை. மாநிலம் கைகொடுத்து நடக்கும் அதே பக்கத்தில், பைப்பு யாருடையது என்ற கேள்வியோடு, முழுதாக வந்தது.

மறுநாளே தண்ணீர் வந்துவிட்டது என்று எழுதினால் அது என் பழைய பாணிச் செய்தியாகிவிடும். வரவில்லை. அந்த அதிகாரி சம்பந்தப்பட்ட எல்லாத் தரப்பையும் ஒரு மேசையில் உட்கார வைத்தார். உட்கார்ந்தார்கள், எழுந்தார்கள், திரும்ப உட்கார்ந்தார்கள். நான் ஒவ்வொரு முறையும் வெளியே நின்று, என்ன ஆயிற்று என்று கேட்டு எழுதினேன். வாளிக்காரர்களுக்கு என்மேல் கோபம், விழாக்களுக்கு அழைப்பது குறைந்துபோயிற்று. அக்கா டவுனில் இன்னொருவர் வீட்டில் பாத்திரம் கழுவப் போக ஆரம்பித்து, மழைக்காலம் ஒன்றும் முடிந்த பிறகு, புதுக் கம்பெனி வெளி மீட்டரிலிருந்து லயத்துக்குப் புதுப் பைப்பு போட்டுக் கொடுத்தது. முதலில் ஒரு பொதுக்குழாய், பிறகு வீட்டுக்கு வீடு.

குழாய் திறப்பு என்றால் விழா இல்லாமலா? கூடாரம் போட்டார்கள். கம்பெனி ஆள் வந்தார், கட்சிக்காரர்கள் இரண்டு தரப்பும் வந்தார்கள், தலைவர் வேட்டியில் வந்தார், கையில் அதே சிவப்பு வாளி. குழாயை இடுப்பு உயரத்துக்கு வைத்திருந்தார்கள். வாளியைத் தரையில் வைத்தால் படத்தில் தெரியாது என்று தலைவர் சொன்னதால் எல்லாரும் சேர்ந்து அதைக் குழாய்க்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்கள். கைக்கு மேல் கை. அக்காவின் கை பிடியில் இருந்தது. குழாய் திறந்தது. செம்மண் நிறத்தில் இருமிக்கொண்டு கொஞ்சம் வந்தது, பிறகு தெளிந்து, நூல் மாதிரி இறங்கியது.

“சிரிங்க” என்றேன். எனக்கு இது செத்தாலும் போகாது.

“இரு தம்பி” என்றார் அக்கா. “மொதல்ல ரொம்பட்டும்.”

அவர் சொன்னதை மீற யாருக்கும் தைரியம் இல்லை, இன்னொரு முறை அந்த முகம் பத்திரிகையில் வந்துவிட்டால் யார் பதில் சொல்வது? எல்லாரும் சிரித்தபடி வெயிலில் நின்றார்கள். தண்ணீர் அதன் போக்கில் விழுந்துகொண்டிருந்தது. பாதி வாளிக்கு வந்ததும் கம்பெனி ஆள் நெற்றியைத் துடைக்கிற சாக்கில் கையை எடுத்தார், திரும்ப வைக்கவில்லை. ஒரு கட்சிக்காரர் போன் வந்த மாதிரி நகர்ந்தார். அவர் போனதும் மற்றக் கட்சிக்காரருக்கு நிற்கக் காரணம் இல்லாமல் போயிற்று. தலைவர் மட்டும், தன் வாளி என்ற பாசத்தில், ரொம்ப நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு தாக்குப்பிடித்தார். பிறகு அவரும் “அம்மாடி” என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு விலகினார்.

விளிம்பு தளும்பியது. இத்தனை மாதம் மோட்டாரில் தண்ணீர் தூக்கிய தோள்களோடு அக்கா தனியாக வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேமராவைப் பார்க்கவில்லை. வாளிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப எடு” என்றார்.

எங்கள் தொழில் வழக்கப்படி அனுப்பக் கூடாத படம். ஒரே ஆள். கண் கீழே பார்க்கிறது. பல் தெரியவில்லை. அனுப்பினேன். அரைமணி நேரத்தில் துணையாசிரியர் கூப்பிட்டார்.

“சார், படத்துல ஒரு அம்மா மட்டும்தான் இருக்காங்க. வாளி குடுத்தது யாரு, பேரு போடணும்ல?”

“பேரெல்லாம் வேணாம்லா,” என்றேன். “வாளி ரொம்பிருச்சின்னு போடுங்க.”